காலனிக்காக நான் கேட்ட விளக்கு

எனக்கு வாய் அதிகம். "இவ வாய்க்கு ஒரு ஊரு பத்தாது" என்று அம்மா சொல்லாத நாளே கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை சரியானதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சும்மா இருந்திருந்தாலாவது தேவலை. வேறொன்றைக் கேட்டேன். கேட்டதை அவர்கள் கொடுத்தும்விட்டார்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர், திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற சாலையில் கிளியனூருக்கு முன்னால் இருக்கிறது. பெயர் வேண்டாம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் கேப்பையும் விளைகிற ஊர். ரோட்டோரமாகச் சில முஸ்லிம் குடும்பங்கள், கோட்டக்குப்பத்திலிருந்து வந்து கடை வைத்தவர்கள். எங்கள் கொல்லைகளைத் தாண்டிப் போனால் காலனி. மேட்டு நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்றுதான் சொல்வோம். காலனியில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு சின்ன மாதா கோயில் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். அங்கே ஒரு கிணறும் உண்டு. ஆனால் உப்புத் தண்ணீர், பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்கிற தண்ணீருக்கு அந்தப் பெண்கள் ஊர்க்காரர்களுடைய பம்புசெட்டுக்கு வரவேண்டும். கரண்ட் எப்போது வருமோ, மோட்டார் எப்போது ஓடுமோ, அதுவரைக்கும் குடத்தோடு நிற்கவேண்டும்.

அந்தக் காலனியில் ஒரு வீட்டில் ஒரு பெண் பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்தாள். தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது பாதி நாள் முதல் பீரியட் முடிந்திருக்கும். வெளியே நிறுத்துவார்கள். அம்மாவுக்கு இடுப்பு வலி, குடம் தூக்க முடியாது. தெருவுக்கு ஒரு குழாய் வந்தால் அந்தப் பெண் படிப்பாள், வராவிட்டால் நின்றுவிடுவாள். இவ்வளவுதான் விஷயம். அந்தப் பெண்ணின் அண்ணன் என்னோடு டைப்ரைட்டிங் படித்தார்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் திண்டிவனத்துக்கு டைப்ரைட்டிங் போனோம். லோயர் பாஸ் பண்ணினால் வேலை, ஹையர் பாஸ் பண்ணினால் நல்ல வேலை என்று நம்பிய காலம். ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தும் அவரோடு நான் முதன்முதலில் பேசியது அந்த இன்ஸ்டிட்யூட்டில்தான். என் மிஷினுக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் எங்கள் ஊர் ரோட்டுக் கடை வீட்டுப் பெண். அவளுடைய அப்பா துபாயில் இருந்தார். என் வாய்க்கு ஈடுகொடுக்கிற ஒரே ஜீவன் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. அன்றைக்கு மாஸ்டர் சாவியை எங்களிடம் கொடுத்துவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மனுவோடு வருவார்கள். பட்டாவில் பெயர் மாற்றம், ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று எதுவாயிருந்தாலும் சும்மாவே அடித்துக் கொடுப்போம். எங்களுக்கும் கை பழகும் இல்லையா? மனு இல்லாத நேரத்தில் பேச்சு. பேச்சு எப்படியும் சாமியில்தான் போய் நிற்கும். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் குடைந்து குடைந்து கேட்க வேண்டும்.

"ஏண்டி, நோன்பு வச்சா எச்சில்கூட முழுங்கக் கூடாதாமே?" என்று தோழியைக் கேட்டேன்.

"எவன்டி சொன்னான்? தாராளமா முழுங்கலாம். ஒன்ன மாதிரி புறம் பேசிக்கினே இருந்தாத்தான் நோன்பு வீணாப் பூடும்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே டைப் அடிப்பார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் அவராகவே என்னைக் கேட்டார். "ஒங்க அம்மன் திருவிழாவுல சாமி ரோட்டுக் கடை வரைக்கும் வருது. எங்க பக்கம் ஏங்க வர்றதில்ல?"

"ரோடு சரியில்லீங்க. வண்டி எறங்காது" என்றேன்.

"அப்ப ரோடு போட்டா வருமா?"

"வராம? ஜம்முனு வரும்!"

அந்த இன்ஸ்டிட்யூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் எதை வேண்டுமானாலும் அள்ளிக் கொடுப்பேன். என் அப்பாவுக்கும் சித்தப்பாக்களுக்கும் சேர்த்து நானே வாக்குக் கொடுப்பேன். மாலையில் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கலகலவென்று பேசிக்கொண்டு வந்த அவர், பஸ் வந்ததும் பின்படியில் ஏறிக் கடைசியில் போய் நின்றுகொள்வார். காலனி திருப்பத்தில் இறங்கும்போது நான் ஜன்னல் பக்கம் பார்ப்பேன், அவர் தரையைப் பார்ப்பார். இப்படிச் செய்யுங்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவர் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்தார். "அம்மா ரெண்டு பேரையும் ஊட்டுக்குக் கூட்டியாரச் சொன்னாங்க" என்றார். தோழி போய்விட்டு வந்தாள். எனக்குக் காய்ச்சல் என்றேன். அதிரசத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் எங்கே கிடைத்தது என்று கேட்பார்களே என்று பயந்து, பஸ்ஸிலேயே அத்தனையையும் தின்று தீர்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் எங்கள் ஊருக்கு அதிகாரிகள் வந்து மனு வாங்கப் போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். மூன்று பேருக்கும் கை பரபரத்தது. ஊரார் மனுவையெல்லாம் அடித்துக் கொடுத்தோமே, நம் ஊருக்கு நாமே கேட்டால் என்ன? நான் கோயில் பக்கத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கொட்டகை வேண்டும் என்றேன். தோழி அவர்களுடைய இடுகாட்டுக்கு, கபர்ஸ்தானுக்குப் போகிற பாதை மழையில் முழுகிப்போகிறது, அதுதான் முதலில் என்றாள். எது முதலில் என்று எங்கள் இருவருக்கும் சண்டை முற்றி, அவள் என் பேப்பரைக் கிழித்து, நான் அவள் ரிப்பனை உருவி, பெரிய ரகளை ஆகிவிட்டது.

அவர்தான் குறுக்கே வந்தார். "நமக்காக நாம கேக்க வேணாங்க. ஒருத்தருக்காக இன்னொருத்தர் கேப்போம். அப்பச் சண்டையே வராது. கேக்கற அதிகாரிக்கும் இல்லேன்னு சொல்ல மனசு வராது."

"அட, இது நல்லாருக்கே!" என்றாள் தோழி.

"ஆனா ஒண்ணு. ஒங்களுக்கு இன்னா வேணும்னு வாயால கேட்டுக்கக் கூடாது. அவங்க தெருவுக்குப் போய்ப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும். நம்மகிட்ட இருக்கற கொறையே அதுதானே, சாமியப் பத்தி வாய் கிழியப் பேசறோம், ஒருத்தர் தெருவ ஒருத்தர் பாத்ததில்ல" என்றார்.

எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. நானே சீட்டு எழுதிக் குலுக்கினேன். தோழிக்கு எங்கள் தெரு வந்தது. அவருக்கு முஸ்லிம் தெரு. எனக்குக் காலனி. சீட்டைப் பிரித்து நான் படித்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதை இன்றைக்கும் சொல்லுவேன். அப்போது எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. என்னிடம் வந்ததில் அவருக்குச் சந்தோஷம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தோழி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு மல்லாட்டை உரித்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினாள். நான் சொன்ன கொட்டகைதான் வேண்டும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். ஆனால் கோயிலுக்கு அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம், அங்கேதான் வெயில் படாது என்றாள். அவர் தோழியின் தெருவில் கடை கடையாக உட்கார்ந்தார். மழையில் இறந்தவர் உடலை, மையத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போன கதையைக் கேட்டுவந்து, எந்த இடத்தில் சின்னப் பாலம் கட்டினால் போதும் என்று படமே போட்டார்.

நான் போகவில்லை. "இந்த ஞாயித்துக்கிழமை வாங்க, தெருவச் சுத்திக் காட்டறேன்" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் விருந்தாளி வந்துவிட்டார்கள் என்றேன். ஒரு வாரம் மல்லாட்டை பிடுங்குகிறார்கள் என்றேன். ஒரு வாரம் தலைவலி. பொம்பளைப் பிள்ளை தனியாகப் போகமுடியுமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. திண்டிவனத்துக்குத் தனியாகப் போகவில்லையா? சினிமாவுக்குத் தோழியோடு போகவில்லையா? காலனிக்குள் நான் போவதை எங்கள் ஆட்கள் யாராவது பார்த்தால் அப்பா என்னைத் தொலைத்துவிடுவார். பயம். பயம் என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது. போகவேண்டிய இடம் என்றே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் நிஜம்.

மனு கொடுக்கிற நாள் நெருங்கிவிட்டது. ஒரு மாலையில் பஸ் காலனி திருப்பத்தில் நின்றபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மாதா கோயில் தெரிந்தது. முன்னால் இருட்டு. அடடா, விளக்கு! இவ்வளவுதானே என்று நினைத்தேன். மறுநாளே மனுவை அடித்துவிட்டேன். 'இருளில் வழிபாட்டுக்கு வரும் தாய்மார்களின் இன்னல்' என்று ஆரம்பித்து அழகழகான வார்த்தைகளைப் போட்டேன். ஒரு பிழை இல்லை.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல். மூன்று பேரும் வரிசையாகப் போய் நின்றோம். தோழி எங்களுக்காகக் கேட்டாள். அவர் தோழியின் தெருவுக்காகக் கேட்டார். நான் என் மனுவை மைக்கில் படித்தேன். 'விளக்கு' என்ற இடம் வந்தபோது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏதோ பக்கம் மாறிவிட்டது, அடுத்த வரியில் சரியாகிவிடும் என்பதுபோலப் பார்த்தார். நான் படித்து முடித்தேன். கூட்டம் கை தட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அவரும் தட்டினார்.

அதிகாரிக்கு ஒரே பூரிப்பு. "மூணு மதத்துப் பசங்க, ஒருத்தருக்காக ஒருத்தர் கேக்கறாங்க பாருங்கய்யா! இதவிட வேற இன்னா வேணும்?" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். அதில் நான்தான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கொட்டகைக்கும் பாலத்துக்கும் ஆகட்டும் பார்க்கலாம் என்றார்கள். விளக்கு மட்டும் சீக்கிரமே வந்துவிட்டது. கம்பம் ஏற்கெனவே இருந்ததாம், ட்யூப் லைட்டை மாட்டினால் போதுமாம். காலனியிலிருந்து அவருடைய அம்மா தோழி மூலம் எனக்குச் சொல்லியனுப்பினார்கள். "வெளக்கு கேட்ட பொண்ணு நல்லா இருக்கட்டும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. மாஸ்டரிடம், பக்கத்து டீக்கடையில், அம்மாவிடம், எல்லோரிடமும் சொன்னேன். அம்மா மட்டும், "காலனிக்கு நீ எதுக்குடி கேட்ட?" என்றாள்.

அவர் அதற்கப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "இன்னாடி இவரு? வெளக்கு வாங்கிக் குடுத்திருக்கேன், மூஞ்சியத் தூக்கி வச்சிகினு குந்தியிருக்காரு" என்று தோழியிடம் பொருமினேன்.

"நீ அவங்க ஊட்டுக்கு ஒருவாட்டிகூடப் போகல. அதான் மனசு கஷ்டமா இருக்கும். ஒருவாட்டி போயிட்டு வாயேன், இன்னா கொறஞ்சுடும்?" என்றாள் அவள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போகமாட்டேன் என்று நினைத்துக்கொண்டீர்களா? போய்க் காட்டுகிறேன் பாருங்கள்! பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், நல்ல புடவை கட்டிக்கொண்டு கொல்லை வழியாக நடந்து காலனிக்குப் போனேன். வழியில் யாரும் பார்க்கவில்லை என்பதில் நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் வீட்டில் இல்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லில் அவருக்குச் சனிக்கிழமை வேலை. அம்மாவும் தங்கையும்தான் இருந்தார்கள். தங்கை தாவணி உடுத்தி, புத்தகப் பையைத் தோளில் மாட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பத்தாவது பிள்ளைகளுக்கு மத்தியானம் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ். என்னைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா ஒரு ஸ்டூலைத் துடைத்துத் துடைத்துப் போட்டார்கள். "குந்தும்மா, குந்து. ஏய், ஜல்தியாப் போயி ஒரு கலர் வாங்கினு வாடி" என்று மகளை விரட்டினார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் ஊர்க்காரி, அவர்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று கடையில் கலர் வாங்கப் பார்க்கிறார்கள். இங்கேதான் நான் யார் என்று காட்டவேண்டும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "கலரெல்லாம் ஒண்ணும் வேணாம். தண்ணி குடுங்க. ஒங்க ஊட்டுத் தண்ணியே எனக்குப் போதும்" என்றேன்.

அம்மா மகளைப் பார்த்தார்கள். மகள் அம்மாவைப் பார்த்தாள். நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று நான் நினைத்தேன். வெட்கக்கேடு! வேறென்ன சொல்ல? தங்கை புத்தகப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மூலையிலிருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனாள். கிணறு பின்னால் இருக்கிறது போலும் என்று நான் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டேன்.

அம்மாவிடம் விளக்கைப் பற்றிக் கேட்டேன். நன்றாக எரிகிறதா, எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்றெல்லாம் விசாரித்தேன். அவர்கள் ஆமாம்மா, நல்லா எரியுதும்மா என்றார்கள். வாசலை வாசலைப் பார்த்தார்கள். "இதோ வந்துடுவா" என்றார்கள். எனக்குப் பேச்சு தீர்ந்துபோனது. அப்போதும் அவள் வரவில்லை. மறுபடியும் "இதோ வந்துடுவா" என்றார்கள். வெயில் ஸ்டூல் வரைக்கும் வந்து, நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

ஒருவழியாக அவள் வந்தாள். தாவணி முழுக்க வேர்வை. குடத்தை இறக்கிவைத்து, ஒரு பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, அதில் தண்ணீர் மொண்டு இரண்டு கையாலும் நீட்டினாள். நான் அண்ணாந்து இரண்டு வாய் குடித்தேன். சில்லென்று இனிப்பாக இருந்தது.

"நல்ல தண்ணியா இருக்கே! எங்க எடுத்த?" என்றேன்.

"ஒங்க கொல்லையிலதாங்க்கா" என்றாள். "நான் போறதுக்குள்ள ஒங்கப்பா மோட்டார நிறுத்திட்டுக் கெளம்பிட்டாரு. கெஞ்சிக் கூத்தாடி இன்னொருவாட்டி போட வச்சேன்."

"யாருக்குன்னு கேட்டாரா?"

"கேட்டாரு. நீங்க இங்க குந்தியிருக்கீங்கன்னு நான் சொல்லலக்கா. சொன்னா ஒங்களுக்குத்தான் பேஜாரு."

"ஒனக்கு கிளாஸு?" என்றேன்.

"அது இந்நேரம் முடிஞ்சிருக்கும், பரவாயில்லக்கா."

அம்மா அப்போதுதான் இதைப் பற்றிப் பேசினார்கள். குறையாகச் சொல்லவில்லை. ஊர்ச் செய்தி சொல்வது மாதிரி சொன்னார்கள். "இப்பிடித்தாம்மா தெனமும் லேட்டு. இந்த வருசம் கொழா வந்துடும்னு இருந்தோம். அந்தப் பொண்ணு கேக்கும், அந்தப் பொண்ணு கேக்கும்னு இவன் சொல்லிகினே இருந்தான். போவுது, வெளக்கும் வேண்டியதுதானே."

சொம்பைக் கீழே வைக்க முடியவில்லை. மீதி வைத்தால், தண்ணீரைப் பிடிக்கவில்லை என்று நினைப்பார்கள். குடிக்கவும் முடியவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

சின்ன வயதில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் அந்தப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வரப்போரமாகக் குடங்களை வைத்துக்கொண்டு நிற்பார்கள். மோட்டார் போட்டதும் நான் தொட்டியில் இறங்கி ஆசை தீர ஆடுவேன். நான் ஏறும்வரை அவர்கள் கிட்டே வரமாட்டார்கள். எனக்காக அவர்கள் ஏன் காத்து நின்றார்கள், எதற்காக இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. கொல்லை என்றால் மல்லாட்டை இருக்கும், கிணறு இருக்கும், குடத்தோடு பெண்கள் நிற்பார்கள். அவ்வளவுதான் எனக்கு.

டைப்ரைட்டிங் பரீட்சைக்கு விழுப்புரம் போனோம். திரும்பும்போது பாசஞ்சர் ரயிலில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். தோழி தூங்கிவிட்டாள். என் குற்றவுணர்ச்சி எனக்குள் கோபமாகத்தான் கொதித்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் அவர்மேலேயே பாய்ந்தேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? கொழா வேணும்னு சொல்றதுக்கு இன்னா கஷ்டம் ஒங்களுக்கு?"

"நாந்தானேங்க அப்பிடி ஒரு ரூல் போட்டேன்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க ஆளுங்க தெனமும் ஒங்க கொல்லையிலதான் நிக்கறாங்க. வேற யாருக்குச் சீட்டு வுழுந்திருந்தாலும் தெருவுக்கு வந்து பாத்தாத்தான் தெரியும். ஒங்களுக்கு வராமயே தெரியும்னு நெனச்சேன். அதான் ஒங்க கையில வந்ததும் அவ்ளோ சந்தோஷப்பட்டேன்."

திண்டிவனம் வந்ததும் தோழியை எழுப்பினேன்.

அடுத்த வாரம் மூன்று பேரும் மனுவோடு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். இந்தத் தடவை 'குடிநீர்க் குழாய்' என்று நானே அடித்தேன். அங்கிருந்தவர் மனுவைப் படித்துவிட்டு எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "அட, நீங்கதானா! இந்த வருஷம் காலனிக்குன்னு ஒண்ணு செய்றதா இருந்துச்சும்மா. கொழாயா வேற எதாச்சுமான்னு பேசிகினு இருந்தாங்க. நீங்க வெளக்குன்னு மைக்கிலயே கேட்டீங்க, குடுத்துட்டாங்க. இனிமே அடுத்தாப்லதான்."

நான் கத்தினேன். விளக்கைக் கழற்றிக்கொண்டு குழாயைக் கொடுங்கள் என்றேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்தான், "வாங்க போலாம்" என்று வெளியே கூட்டிவந்தார். தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கையில் இருந்தது இன்னும் ஒன்று. தினமும் கரண்ட் வந்த உடனே கால் மணி நேரம் அவர்களுக்கு மோட்டாரைப் போட்டுவிடுங்கள், அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகட்டும் என்று அப்பாவிடம் நான் கேட்டிருக்கலாம். ஒருநாள் அவர் சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "காலனிக்காரங்களுக்குக் காலைலயே மொதல்ல தண்ணி வுட்டா இன்னாப்பா?"

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னது? அங்க போனியா நீ?"

"இல்லப்பா" என்றேன். "பஸ்ஸுல பேசிகினாங்க."

எந்த இடத்திலும் அடங்காத என் வாய் அந்த இடத்தில் மட்டும் அடங்கியது. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. விளக்கு விஷயத்திலாவது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அரைப்பரீட்சைக்கு முன்னாலேயே தங்கை நின்றுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு பெரியவரின் பென்ஷன் மனுவை அடித்துக்கொண்டே, திரும்பாமல், அவர் அதைச் சொன்னார். "தங்கச்சி இனிமே போகல. வானூர் பக்கம் கட்டட வேலைக்கு ஆளு எடுக்கறாங்களாம்." தோழி அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. யாருக்காக அழுவது, அவளுக்காகவா எனக்காகவா? அவர் பேப்பரை உருவி, பெரியவரிடம் கொடுத்து, எங்கே ரேகை வைக்கவேண்டும் என்று காட்டினார்.

அவர் எங்களோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். ரம்ஜானுக்குத் தோழி கொண்டுவந்த நோன்புக் கஞ்சியை மூன்று பேரும் ஒன்றாகக் குடித்தோம். சாமிகளைப் பற்றி முன்போலவே பேசினோம். தோழிக்குக் கல்யாணமாகிக் கோட்டக்குப்பம் போனாள். அவருக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. போகிற அன்றைக்கு, "ஒங்களால நல்லதுதாங்க கெடைச்சுது, மனசுல வச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மனசில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பது?

எனக்கும் பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அதற்குள் காலனிக்குக் குழாய் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கியது.

ஒருநாள் ஆபீஸில் ஆடிட் என்று விடிவதற்கு முன்பே கிளம்பவேண்டியிருந்தது. முதல் பஸ். திண்டிவனத்திலிருந்து வரும்போதே கூட்டம், எல்லாம் கட்டட வேலைக்குப் போகிற ஆட்கள். படியில் தொற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, "அக்கா, இங்க வாங்க" என்று ஒரு குரல். தங்கை. புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, மடியில் தூக்குச் சட்டி. அடையாளம் தெரியவே எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அவள் எழுந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "நீங்க குந்துங்கக்கா, ஆபீஸ் போறவங்க. எனக்கு நின்னு பழக்கம்."

அண்ணன் எப்படி இருக்கிறார் என்றேன். அம்மாவின் இடுப்பு வலியைக் கேட்டேன். கடைசியில், ஆறுதலாக ஒன்று கேட்கவேண்டும் என்ற ஆசையில், "தெருவுக்குக் கொழா வந்துடுச்சாமே?" என்றேன்.

"ஆமாக்கா! எங்க வாசலுக்கு நேராவே போட்டிருக்காங்க."

"தண்ணி நல்லா வருதா?"

"வருதுன்னுதான் அம்மா சொல்லுது" என்று அவள் சிரித்தாள். "தண்ணி வுடறதுக்குள்ள நான் பஸ் ஏறிடறேனேக்கா."

வானூர் கூட்ரோட்டில் அந்தக் கூட்டம் முழுக்க இறங்கியது. அவளும் கம்பியை விட்டுவிட்டு, "வர்றேங்க்கா" என்று சொல்லி இறங்கினாள். அவள் எழுந்து கொடுத்த சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.